வெட்டும் ஒட்டும்

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் தாம் பெற்ற பேறுகளை எடுத்துரைப்பனவாகவே அமையும். அது முறையுமாகும். கல்லூரியன்னை தந்த கல்வியையும், ஆசிரியப் பெருந்தகைகளின் அன்பையும், விளையாட்டு வெளியில் ஈட்டிய வெற்றிகளையும் இம்மலரில் எம்மினும் வல்லார் பலர் எழுதியிருப்பர். நாமோ, மாணவராயிருந்த காலத்தில் ஒரு கலையைக் கற்கப் புகுந்து, அதிற் சிறிது தேர்ச்சியும் பெற்று, அத்தேர்ச்சியினாலேயே ஒரு பெரும் பிழையும் செய்த வரலாற்றை எழுதத் துணிந்தோம். அக்கலை திரைப்படக் கலை. அதனுள்ளும் சிறப்பாகப் படத்தொகுப்பு எனப்படும் வெட்டி ஒட்டுந் தொழில்.

அது 1999ஆம் ஆண்டு. நாம் நால்வர் உயர்தர வகுப்பிற் கற்றுக்கொண்டிருந்தோம். மூவர் வெள்ளவத்தையிலிருந்தும் ஒருவன் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கல்லூரிக்கு வந்தோம். தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் ஒன்று மேடையேற்றுதல் வழக்கம். அவ்வாண்டு நாடகத்துக்குப் பதிலாக ஒரு குறும்படம் எடுத்துக் காட்டுவோம் என்று பொறுப்பாசிரியரிடம் வாக்களித்துவிட்டோம். வாக்களித்த வேளையில் எம்மிடம் கமரா இல்லை, கதை இல்லை, படம் எடுப்பது எங்ஙனம் என்னும் அறிவும் இல்லை. சவோய் அரங்கிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் பார்த்த படங்கள் தந்த துணிவு ஒன்றே இருந்தது.

அறியாமையோடு தொடங்கியவர் எமக்கு முன்னரும் இருந்தனர் என்பதைக் கொழும்புப் பொது நூலகத்திற் சினிமா பற்றிய நூல்களைத் தேடிப் படித்தபோது கண்டு மகிழ்ந்தோம். சத்யஜித் ராய் தமது முதற் படமாகிய 'பதேர் பாஞ்சாலி'யை (1955) எடுக்கத் தொடங்கியபோது, ஒளிப்பதிவாளராகிய சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபத்தொன்று. அதற்குமுன் அவர் சினிமாக் கமராவை இயக்கியதே இல்லை. நமது நாட்டிலே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகிய மூவரும் அரசாங்கத் திரைப்படப் பிரிவை விட்டு வெளியேறி, ஸ்ரூடியோவை நம்பாது கிராமத்து வெளியிலே 'ரேகாவ' (1956) படத்தை எடுத்தனர். மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவோ, பள்ளிச் சிறுவனாயிருந்தபோது கித்துல்கலையில் டேவிட் லீன் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய படத்தை எடுத்ததை நேரிற் பார்த்தே இக்கலையில் வேட்கை கொண்டதாகப் பின்னாளிற் கூறியவர். அப்படம் 1957இல் வெளிவந்தது. அவர் 1966இற் பூனா திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்தார். இவற்றைப் படித்த பின்னர் எமது துணிவு இருமடங்காயிற்று. அவர்கள் அறியாமையோடு தொடங்கினரேயன்றி அறியாமையோடு முடிக்கவில்லை என்பதை அப்போது எண்ணிப் பார்த்தோமல்லோம்.

வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றிலே திருமண வீடியோ எடுப்பவர் ஒருவர் சிறிய கடை வைத்திருந்தார். ஆடி மாதத்தில் திருமணங்கள் இல்லை. ஆதலின் அவருடைய கமராவும் இரண்டு டெக்குகளும் ஓய்ந்து கிடந்தன. நால்வரும் சென்று கேட்டோம். அவர் எம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தோளில் வைத்துப் பிடிக்கும் வி.எச்.எஸ். கமராவை எடுத்துத் தந்தார். கூலி கேட்டாரல்லர். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு எடுங்கோ. சும்மா சும்மா சூம் பண்ணாதேங்கோ. ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னுக்கு அஞ்சு செக்கன், பின்னுக்கு அஞ்சு செக்கன் விடுங்கோ" என்று மூன்று விதிகளை மட்டும் சொன்னார். அவ்வைந்து விநாடி எதற்கென்று எமக்கு அப்போது விளங்கவில்லை. டெக் இயந்திரம் ஓடத் தொடங்கி நிலைகொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதும், அந்த ஓரம் இல்லாவிட்டால் வேண்டிய காட்சியின் தலையே அறுபட்டுப் போகும் என்பதும் தொகுக்க உட்கார்ந்தபோதே தெரிந்தன.

கதை கொட்டாஞ்சேனையிற் கிடைத்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தோர் பலர், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போவதற்காகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள லொட்ஜுகளில் மாதக்கணக்காகக் காத்திருந்தனர். எமது நண்பனின் அம்மம்மாவும் அவ்வாறே ஓர் அறையில் இருந்தார். மகன் ரொறன்ரோவில், விசா வரவேண்டும். நாம் அனைவரும் அவரை ஆச்சி என்றே அழைத்தோம். கட்டில் ஒன்று, தகரப் பெட்டி ஒன்று, மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, தெருவைப் பார்த்த சாளரம் ஒன்று. இவ்வளவே அவருடைய உலகம். காத்திருக்கும் மூதாட்டி ஒருவரின் ஒரு நாளைப் படமாக்குவோம் எனத் தீர்மானித்தோம். பெயர் 'சாளரம்'.

கமராவோடு கொழும்பிலே தமிழ் இளைஞர் நடமாடுதல் அந்நாளில் எளிதன்று. அதிபர் தந்த கடிதத்தை நால்வரும் ஆளுக்கொரு பிரதியாகச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். புறக்கோட்டையில் இறங்கி மற்றொரு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனை சேர்வதற்குள் அக்கடிதம் இருமுறையேனும் வெளியே வரும். ஒருமுறை சோதனைச் சாவடியில் நின்ற இளைஞர் கமராவைத் தம் கண்ணில் வைத்துப் பார்த்து, எம்மையும் ஒரு விநாடி படமெடுத்துத் திருப்பித் தந்தார். அந்த ஒரு விநாடியும் எமது கசற்றில் இருந்தது.

ஆச்சியை மூன்று நாள் எடுத்தோம். மூன்றாம் நாள் அவர் எம்மிடம் ஒன்று கேட்டார். "தம்பி, இதிலை நான் கதைச்சால் என்ரை பிள்ளைக்கு அனுப்பலாமோ?" அனுப்பலாம் என்றோம். தலையை வாரி முடிந்து, வேறு சேலை உடுத்து, நெற்றிக்குத் திருநீறு பூசி, சாளரத்தண்டை கதிரையில் வந்திருந்தார். கமராவின் கண்ணாடியையே தம் மகனாக எண்ணி இருபது நிமிடத்துக்கு மேலாகப் பேசினார். காணி உறுதி யாரிடம் இருக்கிறது என்றார். தகப்பனின் திவசத் திதியைச் சொன்னார். பேத்திக்குத் தமிழ் எழுதப் பழக்கு என்றார். மகன் புறப்பட்ட அன்று தாம் அவனோடு பேசாதிருந்ததற்குக் காரணம் சொல்லத் தொடங்கினார். நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? ஒருவன் மின்கலம் தீர்ந்துவிடுமோ என்று சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் சாளரத்து வெயில் மாறுவதைக் கவனித்தான். பேரன் ஓடைவழியில் விளையாடிய பிள்ளைகளின் சத்தத்தை அடக்க வெளியே போய்விட்டான். கமராவைப் பிடித்திருந்த கைக்கு நோ எடுத்திருந்தது. ஆச்சி பேசியதை நால்வரில் ஒருவரும் செவிகொடுத்துக் கேட்கவில்லை. ரேப்பில் இருக்கிறதுதானே என்று எண்ணினோம்.

பின்னர் தொகுப்பு வேலை தொடங்கியது. இக்காலத்து மாணவர்க்கு அம்முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒரு டெக்கிலே மூலக் கசற்றை ஓடவிட்டு, மற்றைய டெக்கிலே வேண்டிய பகுதியை மட்டும் பதிவுசெய்ய வேண்டும். இரண்டு பொத்தானையும் இருவர் ஒரே கணத்தில் அழுத்துவோம். நாற்பது காட்சிகளை ஒட்டிய பின்னர் ஐந்தாவது காட்சி நீளம் என்று தோன்றினால், ஐந்திலிருந்து நாற்பது வரை திரும்பவும் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரதியிலிருந்து பிரதி எடுத்தாலோ ஒவ்வொரு படியிலும் நிறம் வெளிறும், கோடுகள் மங்கும், மூன்றாம் பிரதியில் ஆச்சியின் நெற்றித் திருநீறு காணாமற்போகும். ஆகவே ஒவ்வொரு வெட்டும் எமக்கு ஓரிரவாக முடிந்தது.

முதல் தொகுப்பு முப்பத்தொரு நிமிடம் ஓடியது. கடைக்காரரிடம் காட்சிகளைக் கலக்கும் கருவியொன்று இருந்தது. மணமக்களை இதய வடிவினுள் அடைப்பதற்கும், ஒரு காட்சியை நட்சத்திரமாகச் சிதறடிப்பதற்கும் பயன்படுவது அது. அதனையும் நாம் விட்டுவைக்கவில்லை. ஆச்சி தேநீர் அருந்திய காட்சி ஓர் இதயத்தினுள்ளே சுருங்கி மறைந்தது.

இப்படத்தைப் பொறுப்பாசிரியரின் வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று போட்டுக் காட்டினோம். அவர் தமிழாசிரியர், கமராவைத் தொட்டறியாதவர், சினிமா பார்க்கும் வழக்கமும் அதிகம் இல்லாதவர். முப்பத்தொரு நிமிடமும் அசையாது இருந்தார். பின்னர், "தம்பிமார், ஆச்சி தேத்தண்ணி குடிச்சு முடிக்குமட்டும் நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. "நன்னூலிலை பத்துக் குற்றம் படிச்சனீங்கள்தானே? ஒவ்வொன்றாய்ச் சொல்லுங்கோ, படத்திலை எங்கையெண்டு பார்ப்பம்" என்றார்.

அன்றுபோல நன்னூற் பாயிரம் எமக்கு என்றும் விளங்கியதில்லை. ஆச்சி சாளரத்தைத் திறப்பது மூன்று இடங்களில் வந்தது. அது கூறியது கூறல். அடுப்புப் பற்றவைத்தல் இரண்டு நிமிடம். அது மிகைபடக் கூறல். கொட்டாஞ்சேனைச் சந்தையைச் சுற்றி நாம் ஆசையோடு எடுத்த காட்சிகள் அனைத்தும் மற்றொன்று விரித்தல். காலையிற் கட்டிய சேலை மத்தியானத்தில் வேறு நிறம். அது மாறுகொளக் கூறல். முடிவு எங்கே என்று தெரியாமல் மாலை வெயிலை நான்கு முறை காட்டியிருந்தோம். அது சென்று தேய்ந்திறுதல். இதய வடிவத்துக்கு மட்டும் நன்னூலார் பெயரிடவில்லை என்று ஆசிரியர் சொல்லிச் சிரித்தார். குன்றக் கூறல் ஒன்றே எமது படத்தில் இல்லாத குற்றம் என எண்ணினோம்.

அதன்பின் அவர் ஒரு வேலை தந்தார். எடுத்த காட்சிகள் ஒவ்வொன்றையும் ஒரு கடதாசித் துண்டில் ஒரு வாக்கியமாக எழுதச் சொன்னார். ஒரு வாக்கியத்துக்கு அடங்காத காட்சி எதைச் சொல்கிறதென்று எடுத்தவனுக்கே தெரியாது என்பது அவர் கருத்து. டெக்கின் எண்காட்டியிலிருந்த இலக்கத்தையும் துண்டின் மூலையிற் குறித்தோம். நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. அவற்றை அவருடைய விறாந்தையிற் பரப்பிவைத்து, செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் கொள்வதுபோல இடம் மாற்றி மாற்றிப் படித்தோம். இரவில் டெக்கோடு போராடுவதைவிடப் பகலிற் கடதாசியோடு போராடுவது எளிது. எமது தேர்ச்சியின் முதற்படி இதுவே எனலாம்.

இரண்டாம் படி ஒரு நூலிலிருந்து வந்தது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவிலே கூலெஷோவ் என்பார் ஒரு பரிசோதனை செய்தார். மொசூகின் என்னும் நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, அதே முகத்தின் பின் ஒருமுறை கஞ்சிக் கோப்பையையும், ஒருமுறை பிணப்பெட்டியையும், ஒருமுறை விளையாடும் குழந்தையையும் ஒட்டினாராம். பார்த்தோர் அம்முகத்திலே பசியையும் துயரையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தனராம். முகம் மாறவில்லை, அடுத்து வந்ததே மாறியது. இதனை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "இது புணர்ச்சிதானே" என்றார். நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்திலே ஒன்று தோன்றலாம், ஒன்று திரியலாம், ஒன்று கெடலாம். பூவும் கொடியும் சேர்ந்தாற் பூங்கொடி. இடையில் வந்த மெய் பூவிலும் இல்லை, கொடியிலும் இல்லை. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர்; அங்கே உள்ளதொன்று போயிற்று. "ரண்டு காட்சியை ஒட்டேக்கை என்ன தோன்றுது, என்ன கெடுது எண்டு கேளுங்கோ. ஒண்டும் நடக்காட்டி ஏன் ஒட்டினனீங்கள்?"

இக்கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு திரும்பவும் தொகுத்தோம். ஆச்சி பேசத் தொடங்குமுன் பன்னிரண்டு விநாடி பேசாது சாளரத்தைப் பார்த்திருந்தார். அப்பன்னிரண்டு விநாடியை எடுத்தோம். அதன்பின் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் செல்லும் புகைவண்டியை ஒட்டினோம். அதன்பின் வெறுங் கடல். கொட்டாஞ்சேனைச் சாளரத்திலிருந்து வெள்ளவத்தைக் கடலைக் காண முடியாது. இரண்டுக்கும் இடையே கொழும்பு நகரம் முழுவதும் கிடக்கின்றது. ஆனால் படத்திலே தெரிந்தது. ஆச்சி கடலைப் பார்த்தார், கடலுக்கு அப்பால் மகனைப் பார்த்தார், காத்திருந்து களைத்தார். அவர் ஒரு சொல்லும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆதலின் அவர் சொன்ன இருபது நிமிடத்தையும் முழுதாக நீக்கினோம். மிகைபடக் கூறல் என்று அத்துண்டின்மேல் எழுதிக் கோடு கிழித்தது எமது கையே.

படம் பன்னிரண்டு நிமிடமாயிற்று. ஒக்ரோபரில் நடந்த தமிழ் விழாவில் மண்டபத்து விளக்கை அணைத்து, இரவல் வாங்கிய இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளிற் காட்டினோம். பன்னிரண்டு விநாடி மௌனம் வந்தபோது மண்டபமும் மௌனமாயிற்று. பின்வரிசையில் யாரோ ஒருவர் மூக்கைச் சிந்தினார். பொறுப்பாசிரியர் எம்மிடம் வந்து ஒருவர் தோளில் மட்டும் கை வைத்தார். நால்வர் தோளிலும் வைத்ததாகவே கொண்டோம். படத்தொகுப்பைக் கற்றுவிட்டோம் என்று அன்றிரவு உண்மையாகவே நம்பினோம்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. அதனைப் படமெடுத்துத் தருமாறு கேட்டனர். எம்மிடம் புதுக் கசற் வாங்கப் பணம் இல்லை. 'சாளரம்' முடிந்துவிட்டது, முடிந்த படத்தின் பிரதி பத்திரமாக இருக்கின்றது, மூலக் கசற் இனி எதற்கு? அதனையே கமராவிற் போட்டோம். அணிநடையும் நூறு மீற்றர் ஓட்டமும் கயிறிழுத்தலும் பதிவாயின. ஆச்சியின் வேண்டுகோளை நாம் மறந்தோமல்லோம். 'சாளரம்' படத்தின் பிரதியொன்றை மகனுக்கு அனுப்பினால் போதும் என்றே எண்ணியிருந்தோம். அதுவும் நாளை நாளை என்று தள்ளிப்போயிற்று.

2000ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆச்சி கொழும்பிலேயே காலமானார். விசா வரவில்லை. மகனால் வர இயலவில்லை. எட்டுச் செலவு முடிந்த பின்னர் அவர் நண்பனின் வீட்டுக்குத் தொலைபேசியிற் பேசினார். தாம் அழைக்கும்போதெல்லாம் ஆச்சி ஒன்றே சொல்வாராம்: "உனக்குச் சொல்லவேண்டியதெல்லாம் வீடியோவிலை சொல்லிப்போட்டன். பெடியள் அனுப்புவினம்." அந்த வீடியோவை அனுப்புவீர்களா என்று கேட்டார்.

நால்வரும் கடைக்குச் சென்று அக்கசற்றை டெக்கிற் போட்டோம். அணிநடை. ஓட்டம். தடைதாண்டல். கயிறிழுத்தல். பரிசளிப்பு. பரிசளிப்பின் நடுவிலே படம் ஒரு கணம் குழம்பி, நிறங்கள் சிதறி, பின்னர் நிலைகொண்டது. கொட்டாஞ்சேனை அறை. ஆச்சி சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறார். கண்ணாடியைப் பார்க்கவில்லை; எம்மைப் பார்க்கிறார். "சரி, இனி நிப்பாட்டுங்கோ தம்பி. மிசினும் சூடாகிப் போச்சுது போலை. எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." அவ்வளவே. பேச்சின் கடைசித் துளியில் மட்டும் விளையாட்டுப் போட்டி ஏறாதிருந்தது. மகனுக்குச் சொன்னவை அனைத்தும் போய், எமக்குச் சொன்னது எஞ்சியிருந்தது.

அதனையும் 'சாளரத்தையும்' ஒரே கசற்றிற் பதிந்து ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். ஆச்சி பேசியவற்றுள் நினைவில் இருந்தவற்றை ஒரு கடிதமாகவும் எழுதினோம். உறுதி யாரிடம் உள்ளது என்பது நினைவிருந்தது. திதி நினைவிருந்தது. பேத்தியின் தமிழ் நினைவிருந்தது. மகன் புறப்பட்ட அன்று ஏன் பேசாதிருந்தார் என்பதற்கு அவர் காரணம் சொல்லத் தொடங்கியது நினைவிருந்தது. சொன்ன காரணம் நால்வரில் ஒருவருக்கும் நினைவில்லை. அக்கடிதத்துக்குப் பதில் வந்தது. நன்றி என்றும், அம்மா சாளரத்தண்டை இருக்கும் காட்சி அழகாயிருக்கிறதென்றும், மற்றதைப் பற்றி வருந்தவேண்டாமென்றும் எழுதியிருந்தார். வசைமொழி எழுதியிருப்பின் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

பல ஆண்டு கழித்து, படச்சுருளிலே படம் எடுத்த காலத்துத் தொகுப்பறைகளைப் பற்றிப் படித்தோம். அங்கே மூல நெகடிவை ஒருவரும் முதலில் வெட்டுவதில்லை. அதிலிருந்து எடுத்த வேலைப் பிரதியையே வெட்டி ஒட்டிப் பார்ப்பர். நீக்கிய துண்டுகளைக் குப்பையிற் போடார். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, துணித்தொட்டியொன்றின்மேல் வரிசையாகக் கொளுவித் தொங்கவிடுவர். ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு சட்டம். இரண்டு சட்டமேயுள்ள துண்டுக்கும் அங்கே இடமுண்டு. எல்லாம் முடிவான பின்னரே நெகடிவிற் கத்தரி படும். 'ரேகாவ'வைத் தொகுத்தவர்களும் 'வீடு' (1988) முதலிய தம் படங்களைத் தாமே தொகுத்த பாலு மகேந்திராவும் பழகிய ஒழுங்கு இதுவே. நாம் அவர்களுடைய துணிவைக் கற்றோம். வெட்டும் கலையையும் அரைகுறையாகக் கற்றோம். கொளுவித் தொங்கவிடும் பழக்கத்தைக் கற்கவில்லை.

தமிழர்க்கு இவ்விழப்புப் புதியதன்று. 1931இல் வெளிவந்த முதற் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படத்தின் பிரதியொன்றேனும் இன்று கிடைப்பதாயில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. ஏன், கூலெஷோவின் அப்பரிசோதனைச் சுருளும் எஞ்சவில்லை என்பர். தீயும் கலவரமும் அழித்தவற்றைக் குறித்து நாம் மேடைகளிற் பேசுகின்றோம். எமது கசற்றை ஒருவரும் எரிக்கவில்லை. கயிறிழுத்தலைப் பதிவுசெய்வதற்காக நாமே அழித்தோம்.

சிறிது காலத்தின் பின் பாலு மகேந்திரா சிறுகதைகளைக் குறும்படங்களாக்கித் தந்த 'கதை நேரம்' சன் தொலைக்காட்சியில் வந்தபோது, நால்வரும் ஒன்றாயிருந்து பார்ப்போம். ஒவ்வொரு கதை முடிந்ததும் எவ்விடத்தில் வெட்டினார், ஏன் வெட்டினார் என்று வாதிடுவோம். எழுத்தாளர் பல பக்கம் எழுதியதை அவர் ஒரு பார்வையில் அடக்குவார். ஆனால் சிறுகதை அச்சிலே அப்படியே இருக்கும். படத்துக்கு மிகையானதை வேண்டியவர் நூலிற் படிக்கலாம். அவ்வேறுபாட்டை அப்போதுதான் உணர்ந்தோம். ஆச்சியின் பேச்சுக்கு வேறு நூல் இல்லை.

அந்நால்வரில் இருவர் இப்போது வெளிநாட்டில், ஒருவர் வங்கியில், எழுதுகோல் எமது கையில். கமரா தந்த வாழ்வு எம்மில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. ஆயினும் கட்டுரை திருத்தும் ஒவ்வோரிரவும் அவ்விறாந்தையும் கடதாசித் துண்டுகளும் நினைவுக்கு வருகின்றன. சிவப்பு மையாற் கோடு கிழிக்குமுன் ஒரு கேள்வி கேட்கப் பழகினோம்: இது யாருக்கு மிகை? 'சாளரம்' படத்துக்கு ஆச்சியின் பேச்சு மிகைதான். இன்று தொகுப்பினும் அதனை நீக்குவோம். மகனுக்கு அது மிகையன்று. அவருக்கு அனுப்பப்பட்டதே குன்றக் கூறல். எமது படத்தில் இல்லையென்று நாம் எண்ணியிருந்த குற்றம் அங்கே இருந்தது.

இன்று எம்மிடம் கற்கும் மாணவர் கைத்தொலைபேசியிலே படமெடுக்கின்றனர். எமக்கு ஓரிரவான வெட்டு அவர்க்கு ஒரு விரலசைவு. ஐந்தாவது காட்சியைக் குறைத்தாற் மற்றவை தாமே நகர்ந்து இடம் விடுகின்றன. நூறு பிரதி எடுத்தாலும் நிறம் வெளிறுவதில்லை. பாடசாலைகளிற் குறும்படப் போட்டிகள் நடக்கின்றன. எம்மையும் பார்த்துச் சொல்லுமாறு கேட்கின்றனர். கருவி பற்றி அவர்கள் எமக்குக் கற்பிப்பர். நாம் அவர்க்குச் சொல்வன சிலவே. காட்சிக்கு ஒரு வாக்கியம் எழுதுக. ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை முழுப்படத்தையும் பார்க்க. படம் பேசாதவிடத்துச் சொல்லால் ஒட்டுப்போட்டது வெளிப்படும். இரண்டு காட்சியை ஒட்டுமிடத்தில் என்ன தோன்றியது, என்ன கெட்டது என்று கேட்க. தொகுத்ததை ஒரு வாரம் மூடிவைத்துப் பின்னர் திரும்பப் பார்க்க. இதய வடிவத்தைத் தவிர்க்க.

இவற்றை அவர்கள் மகிழ்வோடு கேட்பர். இறுதியாக ஒன்று சொல்வோம். அதனைக் கேட்கும்போது சிறிது சலிப்படைவர். எடுத்தது முழுவதையும், வெட்டுமுன், இரண்டிடத்திற் பிரதிசெய்து வைக்க. தொலைபேசியில் இடமில்லை என்று பழையதை அழிக்க விரல் செல்லும்போது, படத்தில் இருப்பவர் யாரிடம் பேசுகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க. உங்களிடம் பேசவில்லையெனில் அதனை அழிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டனாரைப் படமெடுத்து வந்தாள். கொட்டாஞ்சேனையிற் பல்லாண்டு தையற்கடை வைத்திருந்தவர். எட்டு நிமிடப் படம், நன்றாகத் தொகுத்திருந்தாள். மிச்சம் எங்கே என்று கேட்டோம். ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது, அழிக்கவில்லை, அப்பாவின் கணினியிலும் போட்டுவைத்திருக்கிறேன் என்றாள். ஏன் என்று கேட்டோம். "நீங்கள் சொன்னீங்கள்தானே சேர்" என்றாள். அதற்குமேல் அவளுக்குக் காரணம் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

எமது நன்னூலாசிரியர் இன்று இல்லை. 'சாளரம்' படத்தின் ஒரு பிரதி எம்மிடம் உள்ளது. அதனை அண்மையிற் கணினிக்கு மாற்றினோம். பன்னிரண்டு விநாடி மௌனத்தை இப்போதும் பார்க்கின்றோம். நல்ல வெட்டு என்றே இப்போதும் தோன்றுகிறது. அதனைத் தொடர்ந்து பரிசளிப்பின் நடுவே தப்பிய அத்துண்டையும் பார்ப்பது வழக்கம். ஆச்சி எம்மை நிறுத்தச் சொல்கிறார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். இக்கலையை எமக்குக் கற்கத் தந்த கல்லூரியன்னைக்கு இவ்விழா நாளில் எமது வணக்கம். கற்பதற்குத் தம் பேச்சை விலையாகக் கொடுத்த அம்மூதாட்டிக்கும் எமது வணக்கம்.